முத்திரை குத்தியவருக்கும் ஒரு கேள்வி

(பாளையங்கோட்டையில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அண்ணாச்சிமாரே, தாய்மாரே, வணக்கம்.

வள்ளியூர் தாண்டி நாகர்கோவில் போகிறவர்கள் மகேந்திரகிரி மலையைப் பார்க்காமல் போக முடியாது. ராக்கெட்டை உந்தும் விகாஸ் என்ஜினை அங்கேதான் ஓடவிட்டுச் சோதிக்கிறார்கள். அந்த என்ஜினை உருவாக்கியதில் பெரும்பங்கு இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு. ராக்கெட் ரகசியத்தை வெளிநாட்டுக்கு விற்றார் என்று 1994-ல் கேரளப் போலீஸ் அவரைக் கைது செய்தது. 50 நாள் சிறை. 1996-ல் சி.பி.ஐ. விசாரித்து, ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆனால் அந்தக் கைதே தேவையற்றது, 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018-ல். 24 வருஷம்! இடையில் பத்திரிகைகள் எழுதியதையும் டீக்கடையில் நாம் பேசியதையும் யார் திரும்ப எடுப்பது?

இதை ஒரு விஞ்ஞானிக்கு நேர்ந்த துயரமாக மட்டும் பார்க்கிறோம். எனக்கு உறுத்துவது வேறு. ரகசியம் போச்சு என்று ஆளைப் பிடிக்க ஒரு நாள் போதும். என்ன ரகசியம், அது போனதா, போனதால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கத்தான் யாருக்கும் அவசரம் இல்லை.

சட்டமும் அதற்குத் தோது. அலுவல் ரகசியச் சட்டம் வெள்ளைக்காரன் 1923-ல் போட்டது. அதன் 5-வது பிரிவில் கொடுத்தவரும் குற்றவாளி, வாங்கியவரும் குற்றவாளி. மூன்று வருஷம் வரை சிறை. எது ரகசியம் என்பதற்கு மட்டும் விளக்கம் கிடையாது. டெல்லிப் பத்திரிகையாளர் இப்திகார் கிலானியை 2002 ஜூனில் பிடித்தார்கள். அவர் கம்ப்யூட்டரில் இருந்தது, பாகிஸ்தானில் வெளியாகி யாரும் படிக்கக் கிடைத்த ஓர் ஆய்வறிக்கை. ஏழு மாதம் திகாரில் இருந்தார். அப்புறம் அரசே வழக்கை வாபஸ் வாங்கியது.

சரி, பெரிய இடத்தில் இருந்து கசிந்தால்? அமெரிக்காவில் சி.ஐ.ஏ. தலைவராக இருந்த பெட்ரேயஸ், ரகசியக் குறிப்பேடுகளைத் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பெண்ணிடம் கொடுத்தார். 2015 ஏப்ரலில் தீர்ப்பு: இரண்டு வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு, ஒரு லட்சம் டாலர் அபராதம். அடுத்த மாதமே, அதே சி.ஐ.ஏ.யில் வேலை பார்த்த ஜெஃப்ரி ஸ்டெர்லிங்குக்கு, நிருபரிடம் தகவல் சொன்னார் என்று மூன்றரை வருஷம் சிறை. பெட்ரேயஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஸ்டெர்லிங் கடைசிவரை மறுத்தார், இரண்டும் ஒன்றல்ல என்பார்கள் வக்கீல்கள். வாஸ்தவம்தான். ஆனாலும் ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது அங்கேயும் நடக்கிறது.

இங்கே மட்டும் என்ன? தாள் வெளியே போனால் டைப்பிஸ்ட்டுக்கு 17-பி, அதாவது அரசு ஊழியர் மேல் பாயும் ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. மேலே இருப்பவர் வேண்டிய நிருபரைக் கூப்பிட்டுச் சொன்னால் அதற்குப் பெயர் ‘நம்பத்தகுந்த வட்டாரம்’.

பக்கத்துத் தூத்துக்குடிக்கு வாருங்கள். 2018 துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் அரசிடம் போனது. சட்டமன்றத்தில் வைத்தது அக்டோபரில். இடையில் ஆகஸ்டிலேயே ஒரு பத்திரிகை அதன் விவரங்களை வெளியிட்டுவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கள் இரண்டு மாதம் முன்னால் தெரிந்துகொண்டதில் நாட்டுக்கு என்ன நட்டம்? ஒன்றுமில்லை என்பேன்.

எல்லாக் கசிவும் நல்லது என்று நான் சொல்லவில்லை. 1985-ல் பிரதமர் அலுவலகக் கோப்புகளையே ஊழியர்கள் வெளியாருக்குக் கடத்தினது தெரியவந்தது. அது துரோகம். அதில் பங்கு இல்லாத முதன்மைச் செயலர் பி.சி. அலெக்சாண்டர், தன் ஆபீஸில் நடந்தது என்பதற்காகப் பதவி விலகினார். அப்படி ஒரு அதிகாரியைப் பிற்பாடு நான் பார்க்கவில்லை.

கூடங்குளத்து அணு உலை ரகசியத்தையும் திறந்து வைக்கணுமா என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார். காவல் எங்கே நிற்கிறது என்பது ரகசியமாகவே இருக்கட்டும். விபத்து நடந்தால் பக்கத்து ஊர் இடிந்தகரைக்காரர் எந்தப் பக்கம் ஓடணும் என்பது எப்படி ரகசியமாகும்? ரகசியத்தைவிடப் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று தகவல் உரிமைச் சட்டம் 8(2) 2005 முதல் சொல்கிறது. ஆகவே, கொடுத்தவரைக் கூண்டில் ஏற்றும்போது, தேவையில்லாமல் ‘மந்தணம்’, அதாவது ரகசியம் என்று முத்திரை குத்தியவரையும் கூப்பிட்டு விளக்கம் கேளுங்கள். அவருக்கும் ஒரு 17-பி கொடுங்கள்.

ஊழலை அம்பலப்படுத்துகிறவர்களைக் காக்க 2014-ல் ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். இன்னும் அமலுக்குக் கொண்டுவரவில்லை. அதைக் கேட்டு நம் எம்.பி.க்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம், வாசல் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள்.