மீடியம் ஃபார்மட்டில் இறங்க எவ்வளவு ஆகும்? டெல்லிக் கணக்கு

வணக்கம் நண்பர்களே. மயூர் விஹாரிலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு முழுக்கப் பணக் கணக்குதான். மீடியம் ஃபார்மட் டிஜிட்டலில், அதாவது வழக்கமான கேமராக்களைவிடப் பெரிய சென்சார் உள்ள கேமராக்களில், இறங்கக் கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடி விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், லென்ஸை முதலில் முடிவு செய்யுங்கள். பாடி விலை இந்தப் பத்து வருஷத்தில் மளமளவென்று இறங்கிவிட்டது. நல்ல லென்ஸ் விலை அப்படி இறங்கவில்லை.

2014-இல் ஃபேஸ் ஒன் ஐக்யூ250 வந்தபோது கேமராவின் பின்னால் மாட்டுகிற அந்த டிஜிட்டல் பேக் மட்டுமே சுமார் 35,000 டாலர். உள்ளே இருந்தது சோனியின் 50 மெகாபிக்சல் சென்சார். அதே வருஷம் அதே சென்சார் குடும்பத்தை வைத்து பென்டாக்ஸ் 645இஸட் 8,499 டாலருக்கு வந்தது. 2017-இல் ஃபூஜி ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் 6,499. 2018-இல் 50ஆர் 4,499. 2021-இல் 50எஸ் மார்க் டூ 3,999. ஏழே வருஷம்! டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்து, 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால், அந்தக் கடைசி விலை சுமார் நாலு லட்சம். 2024-இல் வந்த 100எஸ் மார்க் டூவின் 4,999 டாலர் அதே கணக்கில் ஐந்து லட்சம். செகண்ட் ஹேண்டில் 50 மெகாபிக்சல் பாடிகள் இதைவிட நன்றாகவே இறங்கி வரும்.

சென்சார் அளவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபுல் ஃப்ரேம் கேமராவின் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். இந்த மீடியம் ஃபார்மட் சென்சார் 43.8க்கு 32.9. பரப்பளவில் சுமார் 1.7 மடங்கு. அவ்வளவுதான். படம் மாயமாக மாறிவிடும் என்று நினைத்து யாரும் கடன் வாங்க வேண்டாம்.

சரி, லென்ஸுக்கு வருவோம். எல்லோரும் ஆசைப்படுகிற ஃபூஜியின் ஜிஎஃப் 110 மில்லிமீட்டர் எஃப்2 வந்தபோது விலை 2,799 டாலர். நம் கணக்கில் 2.8 லட்சம். 63 மில்லிமீட்டர் எஃப்2.8 ஒன்றரை லட்சம். இரண்டையும் வாங்கினால் 50எஸ் மார்க் டூ பாடியின் விலையைத் தாண்டிவிடும். ஹாசல்பிளாட் எக்ஸ் சிஸ்டத்தில் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் ஒரு லீஃப் ஷட்டர் (வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷ் ஒத்துழைக்க வைப்பது) இருக்கிறது, அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம். மே மாத வெயிலில் வெளியே நிற்க வைத்து ஃப்ளாஷ் போட்டு போர்ட்ரெய்ட் எடுப்பவருக்கு அந்தப் பணம் தகும். ஜிஎஃப்எக்ஸ் 50 மாடல்களில் ஃப்ளாஷ் சிங்க், அதாவது ஃப்ளாஷோடு ஒத்துப்போகிற அதிகபட்ச ஷட்டர் வேகம், 1/125 நொடிதான். மற்றவர்களுக்கு என் சிபாரிசு ஜிஎஃப் 35-70 ஜூம். கிட் லென்ஸ் என்று முகம் சுளிக்காதீர்கள். 390 கிராம், ஓரம் வரை கூர்மை, வந்தபோது விலையும் 999 டாலர்தான்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. இதோ பாருங்கள், மாமியா 645 ஃபிலிம் கேமராவின் 80 மில்லிமீட்டர் எஃப்2.8. ஃபிலிம் காலத்து 645 லென்ஸ்கள் 56க்கு 41.5 மில்லிமீட்டர் ஃபிரேமுக்குச் செய்தவை, அதனால் இந்த சென்சாரைத் தாராளமாக மூடும். நடுவில் ஒரு சாதாரண அடாப்டர் போதும். ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும், ஸ்கிரீனில் பெரிதாக்கிப் பார்த்துச் செய்தால் துல்லியமாக வரும். வாங்கும்போது அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாகக் கிளைவிட்டு ஓடினால் அது ஃபங்கஸ். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். இரண்டொரு தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது.

இப்போது டெல்லிக்காரர்களுக்கான விஷயம். இங்கே கட்டடம் எடுக்காதவர் யார்? ஹுமாயூன் கல்லறை, குதுப் மினார் எல்லாம் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பவை. முன் அனுமதி இல்லாமல் டிரைபாடை உள்ளே கொண்டுபோக முடியாது. அப்போது கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். 50 மெகாபிக்சலில் கை லேசாக அசைந்தாலும் பிரிண்டில் காட்டிக்கொடுத்துவிடும். 50எஸ், 50ஆர் இரண்டிலும் பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் (கை அசைவைச் சமன் செய்யும் வசதி) கிடையாது, 50எஸ் மார்க் டூவில் உண்டு. பழைய லென்ஸ் மாட்டினாலும் அது வேலை செய்யும். அதனால் 50ஆர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், இன்னும் கொஞ்சம் சேர்த்து மார்க் டூவுக்கே போங்கள் என்பேன். மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது.

கல்யாண வேலை செய்பவர்கள் 50 மெகாபிக்சல் மாடல்களை விட்டுவிடுங்கள். அவற்றின் ஆட்டோஃபோகஸ் முறையான கான்ட்ராஸ்ட் ஃபோகஸ் மெதுவானது, மாலை மாற்றும் நேரம் நமக்காகக் காத்திருக்காது.

அப்புறம், யாரும் கணக்கில் சேர்க்காத செலவு ஒன்று உண்டு. 100 மெகாபிக்சல் படத்தை 16 பிட்டில், கம்ப்ரஸ் செய்யாமல் வைத்தால் ஒரு ஃபைல் சுமார் 200 எம்பி. ஒரு காலையில் 300 படம் எடுத்தால் 60 ஜிபி. பேக்கப்புக்கு இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கும் வேண்டும். லேப்டாப் திணறினால் அதற்கும் பணம். இந்தச் செலவுக்காகவே முதல் மீடியம் ஃபார்மட் 50 மெகாபிக்சலாக இருக்கட்டும் என்கிறேன். அதன் 8256க்கு 6192 பிக்சல் ஃபைல், 300 பிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 27 அங்குலத்துக்கு மேல் அகலமான பிரிண்ட் தரும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் அதே தரத்துக்கு 20 அங்குலம்தான். பெரிய பிரிண்டில் சிவப்பு மணற்கல்லின் உளித் தடங்களை விரலால் தடவலாம் போலிருக்கும். எனக்கு இந்த கேமராவின் முழுப் பயனும் அங்கேதான். மொபைலில் மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து அந்தப் பணத்தை ஒரு பயணத்துக்குச் செலவழியுங்கள்.

வாங்குகிற இடம் என்றால் சாந்தினி சௌக்கில் குச்சா சௌத்ரி. சந்துக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் கேமரா கடைகள்தான். முதல் கடையில் சொன்ன விலையோடு நிற்காமல் நாலு கடை ஏறி இறங்குங்கள். பில் இல்லாமல் வாங்கினால் இவ்வளவு குறைப்பேன் என்று யாராவது சொன்னால் அந்தக் குறைப்பு வேண்டாம். பின்னால் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது வாரண்டி கேட்க வழி இருக்காது. செகண்ட் ஹேண்ட் பாடி என்றால் எஃப்16-இல் வெள்ளைச் சுவரை எடுத்து, அங்கேயே பெரிதாக்கி சென்சார் தூசியைப் பாருங்கள். அப்புறம் லென்ஸ் மூடியைப் போட்டு ஒரு நீண்ட எக்ஸ்போஷர் எடுத்தால் ஹாட் பிக்சல், அதாவது இருட்டிலும் ஒளிரும் பழுதான பிக்சல், தெரிந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் பாடி, லென்ஸ் இரண்டின் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு பணம் கொடுங்கள்.