பனியன் கம்பெனியும் சட்டம் சொல்லும் கம்பெனியும்

நேயர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் நாலு பவர் டேபிள், அதாவது மின்சாரத் தையல் மெஷின், போட்டிருந்தாலே அதைக் கம்பெனி என்றுதான் சொல்வோம். ‘கம்பெனிக்குப் போறேன்’ என்றால் தைக்கப் போகிறார் என்று அர்த்தம். ஆனால் சட்டத்தின் கண்ணில் இவற்றில் பல கம்பெனியே இல்லை. ஒருவர் பெயரில் நடக்கும் புரொப்ரைட்டர் தொழில், இல்லாவிட்டால் இரண்டு மூன்று பேர் சேர்ந்த பார்ட்னர்ஷிப். இவற்றில் தொழிலின் கடனும் வீட்டின் கடனும் ஒன்றுதான்.

கம்பெனிகளின் சட்ட வேலைகளைப் பார்க்கும் கம்பெனி செக்ரட்டரியாக நான் வேலை பார்க்க ஆரம்பித்த காலத்தில் மாமனும் மச்சானுமாக இரண்டு பேர் வந்தார்கள். மாமன் நூல் வாங்குவார், மச்சான் தையலைப் பார்ப்பார். நூல் கடன் ஏறிப்போனது. மாமன் பெயரில் சொத்து எதுவும் இல்லை. மச்சானின் வீடு ஜப்திக்கு வந்தது. “என் பங்கு பாதிதானே சார்?” என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. 1932ஆம் ஆண்டின் பார்ட்னர்ஷிப் சட்டத்தில் கடனுக்குப் பாதி, கால் என்ற பேச்சே கிடையாது. முழுக் கடனையும் எந்தப் பங்குதாரரிடமும் கேட்கலாம்.

இதற்கு மாற்றாகத்தான் லிமிடெட் என்ற ஏற்பாடு. தொழிலின் கடன் தொழிலோடு நிற்கும், வீட்டுக்கு வராது. லண்டனில் பூட்ஸ் செய்துவந்த ஆரோன் சாலமன், தன் தொழிலைத் தானே தொடங்கிய கம்பெனிக்கு விற்றார். மொத்தம் 20,007 பங்குகள். அதில் 20,001 அவருடையவை, மீதி ஆறும் மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. கம்பெனி நொடித்ததும் கடனை அவரே கட்ட வேண்டும் என்று வழக்கு வந்தது. அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஒப்புக்கொள்ளவில்லை. கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று சொல்லிவிட்டது. நூறு வருடங்களுக்கு மேலாகியும் நம் நீதிமன்றங்களில் அந்த வழக்கை இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள்.

சரி, நமக்கு எது பொருந்தும்? ஒரே ஆளாக நடத்துகிறவர், 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி ஒருநபர் கம்பெனி தொடங்கலாம். தனக்குப் பின் யார் என்று ஒரு வாரிசுப் பெயரை மட்டும் கொடுக்க வேண்டும். வெளியார் முதலீடு வரும் என்று நம்பினால் பிரைவேட் லிமிடெட். அதற்கு இரண்டு பேர் வேண்டும். சொந்தபந்தம் இரண்டு பேர் சேர்ந்து ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை, எடுக்கிறார்கள் என்றால், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமையும் எல்எல்பியை, அதாவது லிமிடெட் பாதுகாப்புள்ள பார்ட்னர்ஷிப்பைத்தான் நான் சொல்வேன். ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தையோ, போட்ட முதல் 25 லட்சத்தையோ தாண்டாத வரை எல்எல்பி சட்டப்படி கணக்குத் தணிக்கைக் கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காத வருடத்திலும் மே 30க்குள் ஒரு படிவம், அக்டோபர் 30க்குள் ஒரு படிவம் தாக்கல் செய்தே ஆக வேண்டும். மறந்தால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

பதிவுச் சான்றிதழ் வந்ததும் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். எனக்குக் கவலை அங்கேதான் தொடங்குகிறது. அடுத்த மாதமே வங்கிக் கடனுக்குப் போவார்கள். அங்கே நீட்டும் காகிதக் கட்டில் டைரக்டர்களின் சொந்த ஜாமீன் பத்திரம் ஒன்று இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால் அந்தக் கடனைப் பொறுத்தவரை லிமிடெட் என்ற சொல்லுக்கு வேலை இல்லை. புதிய சிறு கம்பெனிக்கு அது இல்லாமல் கடன் கிடைப்பது கஷ்டம்தான், தெரியும். ஆனாலும் எவ்வளவு தொகைக்கு ஜாமீன் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தொழிலில் இல்லாத அம்மாவையும் மனைவியையும் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்காதீர்கள். சிஜிடிஎம்எஸ்இ என்ற கடன் உத்தரவாதத் திட்டத்தில் சொத்து அடமானமும் மூன்றாம் நபர் ஜாமீனும் இல்லாமல் கடன் தர வழி இருக்கிறது. அதை நீங்களாகவே கேளுங்கள்.

போன வருடம் ஒரு பெண் வந்தார். கம்பெனியிலிருந்து விலகி மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. விலகிய பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. ஆனாலும் வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. கையில் ராஜினாமாக் கடிதம் பத்திரமாக இருந்தது, வங்கியில் அவருடைய ஜாமீன் பத்திரமும் அதேபோல் பத்திரமாக இருந்தது. டைரக்டர் பதவி போனால் ஜாமீனும் போய்விடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. விலகுகிற அன்றைக்கே வங்கிக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். ஜாமீனிலிருந்து விடுவித்துவிட்டோம் என்று அவர்கள் எழுதித் தருகிற வரை விடாமல் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.