தரங்கம்பாடி ராஜவீதியின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

அவையோருக்கு வணக்கம். கிங் தெரு என்று வழங்கும் தரங்கம்பாடி ராஜவீதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு டேனியர் (டென்மார்க் நாட்டார்) செய்த உடன்படிக்கையால் எழுந்த கோட்டையும், 1701இல் கட்டப்பெற்ற சீயோன் ஆலயமும், 1718இல் எழுந்து, பின்னர் லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பெற்ற புதிய எருசலேம் ஆலயமும், 1792இன் நகர வாயிலும் நமக்குத் தெரிந்தவை. இவற்றுக்கான ஆவணங்கள் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனிலும் ஜெர்மனியின் ஹாலேயிலும் பேணப்படுகின்றன. ஆனால் 1845இல், வங்காளத்துச் செராம்பூர் முதலிய டேனிய உடைமைகளோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு, ஊர் ஆங்கிலேயரிடம் கைமாறியதோடு பெரும்பாலோர் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பெருங்குறையாகவே படுகிறது. 1860 வரை தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கிய ஊர், அந்தத் தலைமையிடம் தஞ்சைக்குப் பெயர்ந்தபின், 1861இல் நாகப்பட்டினம் ரயில்பாதை பெற்று வணிகத்தை ஈர்த்துக்கொண்டபின், எப்படிப் பிழைத்தது? வீதியில் வாழ்ந்தவர்கள் யார்?

விடை பெரும்பாலும் வீட்டுப் பரணிலும் சார்பதிவாளர் அலுவலகத்தின் முதலாம் புத்தகத்திலும் (அசையாச் சொத்துப் பத்திரங்களின் பதிவேடு) கிடக்கிறது. பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விலையையும் கையொப்பத்தையும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், சொத்து விவரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கும் இடத்தைப் படியுங்கள். கிழமேலாக ஓடும் இவ்வீதியின் வடசிறகிலுள்ள மனையானால், 'வீதிக்கு வடக்கு, இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் மனைக்கு மேற்கு, இன்னார் தோட்டத்துக்குத் தெற்கு' என்று இருக்கும். ஒரு பத்திரம் விற்றவரையும் வாங்கியவரையும் மட்டுமல்லாமல், மூன்று பக்கத்து உரிமையாளர்களையும் அந்தத் தேதியில் வைத்துக் காட்டிவிடுகிறது. அண்டை மனையின் பத்திரத்தை அடுத்து வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும். முன்பத்திரத்தில் 'வீடு' என்றிருந்தது பின்பத்திரத்தில் 'காலிமனை' என்று மாறியிருந்தால், அவ்விரு தேதிகளுக்கு இடையில் அந்த வீடு இடிந்தது அல்லது இடிக்கப்பட்டது என்று கொள்ளலாம். தாய்ப்பத்திரம் வரை இப்படிப் பின்னோக்கிச் சென்று, நகர அளவை வரைபடத்தில் மனை மனையாகப் பெயரும் ஆண்டும் குறித்துவந்தால், எந்த ஆளுநரின் குறிப்பிலும் இல்லாத வீதி நம் கண்முன் எழும். ஆலயங்களின் திருமண, அடக்கப் பதிவேடுகள் அப்பெயர்களுக்குக் குடும்பத்தைக் கொடுக்கும்.

2004 கடற்கோளைக் கண்ட ஊர் இது. தாள் எவ்வளவு எளிதில் அழியும் என்று இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மூலத்தை யாரிடமும் ஒப்படைக்காமல், உங்கள் வீட்டிலேயே வைத்து, பின்பக்கக் குறிப்புகளும் முத்திரைகளும் தெரியும்படி ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துத் தாருங்கள். வீதியின் மேற்கு முனையிலுள்ள மனைகளிலிருந்து தொடங்குவோம்.