சங்கத்தின் பக்கம் யாருடையது?

(கிருஷ்ணகிரியில் ஏரிப் பாதுகாப்புக் குழுக்கள், குருதிக்கொடை அமைப்புகள், வாசகர் வட்டங்கள், மகளிர் குழுக்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், மகளிர் குழுக்களிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

2004 பிப்ரவரி 4-ஆம் தேதி அமெரிக்காவில் ஃபேஸ்புக் தொடங்கப்பட்டது. ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 9-ஆம் தேதி, தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. நம் மாவட்டத்துக்கும் அந்த நிறுவனத்துக்கும் ஒரே வயது. இத்தனை ஆண்டுகளில் இங்கே இருப்பவர்கள் எத்தனை ஏரிக்கரைகளைச் சீர்செய்திருப்பீர்கள், எத்தனை பேருக்கு இரவோடு இரவாக ரத்தம் ஏற்பாடு செய்திருப்பீர்கள்! அவற்றில் ஒன்றையாவது தேதியோடும் படத்தோடும் காட்டுங்கள் என்று கேட்டால், யாரோ ஒருவருடைய பழைய போனில் இருந்தது என்பதே பதிலாக வருகிறது. வேலை நடந்திருக்கிறது, பதிவு இல்லை. சமூக ஊடகம் நமக்கு வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். விளம்பரம் அதற்கெல்லாம் பிறகு.

கணக்கு தொடங்குவது ஐந்து நிமிட வேலை. அதற்கு முன்னால் நிர்வாகக் குழு கூடி முடிவுசெய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கணக்கு யாருடையது?

வழக்கமாக என்ன செய்கிறோம்? போன் நன்றாகத் தெரிந்த தம்பி ஒருவரைக் கூப்பிட்டு, "நீயே ஆரம்பிச்சிடுப்பா" என்று விட்டுவிடுகிறோம். அவர் தன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் கொடுத்துத் தொடங்குகிறார். கொஞ்ச நாளில் பெங்களூருவில் வேலை கிடைத்துப் போகிறார், எண்ணை மாற்றுகிறார். அல்லது சங்கத்தில் ஒரு மனத்தாங்கல் வருகிறது, விலகிப்போகிறார். அன்றோடு அந்தப் பக்கம் பூட்டிய வீடு. தம்பியைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் பொறுப்பைக் கொடுத்த முறைதான் சரியில்லை. சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கும்போது தனி ஒருவர் பெயரில் விடுகிறோமா? தீர்மானம் போட்டு, தலைவர், செயலாளர், பொருளாளரில் இருவர் கையெழுத்து என்று எழுதிவைக்கிறோம். அதே ஒழுங்கு இங்கேயும் வேண்டும். சங்கத்துக்கென்று ஒரு சிம் கார்டு, ஒரு மின்னஞ்சல் முகவரி. குறைந்தது இரண்டு நிர்வாகிகள், முடிந்தால் மூன்று பேர். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவையுங்கள். பொறுப்பாளர்கள் மாறும் கூட்டத்தில் சாவிக்கொத்தையும் ரசீதுப் புத்தகத்தையும் ஒப்படைக்கும்போது இதையும் ஒப்படைத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

ஃபேஸ்புக்கில் தனிநபர் கணக்கு வேறு, அமைப்புக்கான பக்கம் வேறு. சங்கத்தின் பெயரை ஒரு ஆளின் பெயர்போலக் கொடுத்து நண்பர் கணக்காகத் தொடங்கினால், அது அந்த நிறுவனத்தின் விதிக்கே புறம்பானது. 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்கவும் முடியாது. பக்கத்துக்கு அந்த வரம்பு இல்லை, பலர் சேர்ந்து நிர்வகிக்கலாம்.

எல்லா இடத்திலும் ஒரே நாளில் கடை விரிக்காதீர்கள். உங்கள் மக்கள் ஏற்கெனவே எங்கே இருக்கிறார்களோ அந்த ஒன்றில் தொடங்குங்கள். கல்லூரிப் பிள்ளைகளை அழைக்கும் வாசகர் வட்டத்துக்கு இன்ஸ்டாகிராம் பொருந்தும். நம் கிராமத்து அமைப்புகள் பெரும்பாலானவற்றுக்கு அந்த இடம் வாட்ஸ்அப்தான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் குழுவில் இருக்கும் ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். ஏரி வேலைக்குப் பெயர் கொடுத்த ஒரு பெண்ணின் எண்ணை, முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர் கையில் அவரைக் கேட்காமல் கொடுக்கிறோம். பிறகு அவருக்கு நள்ளிரவில் குறுஞ்செய்தி வருகிறது. சொல்லாமல் கொள்ளாமல் குழுவைவிட்டு வெளியேறுகிறார். பெண்கள் ஆர்வம் காட்டுவதில்லை என்று நாம் பேசிக்கொள்கிறோம்! இது என்னை மிகவும் வருத்தும் விஷயம். 2023-ல் வாட்ஸ்அப் சேனல் என்ற வசதி வந்துவிட்டது. அதில் பின்தொடர்பவரின் எண் மற்ற பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது. அறிவிப்புக்குச் சேனல், வேலை செய்யும் சிறு வட்டத்துக்கு மட்டும் குழு என்று பிரித்துவிடுங்கள். குழுவிலும் நிர்வாகிகள் மட்டுமே செய்தி போடும்படி அமைக்கலாம். காலை வணக்கப் படங்கள் நூறு வந்தால், தூர்வாரும் தேதியைச் சொன்ன செய்தி அடியில் போய்விடும்.

குருதிக்கொடை அமைப்புகளுக்குத் தனியாக ஒன்று. "அவசரம், ஓ நெகட்டிவ் தேவை" என்று தேதி இல்லாமல் ஒரு செய்தி புறப்பட்டால் அது வருடக்கணக்கில் சுற்றும். பழைய செய்தியை நம்பி யாரோ ஒருவர் அரூரிலிருந்து பஸ் ஏறித் தருமபுரி அரசு மருத்துவமனை வரை வந்து திரும்புவார். அடுத்த முறை உண்மையான அழைப்புக்கும் வர மாட்டார். ஆகவே தேதி, நேரம், மருத்துவமனை, அமைப்பின் எண். நோயாளியின் பெயரும் நோயும் வேண்டாம். ரத்தம் கிடைத்ததும் "கிடைத்துவிட்டது, நன்றி" என்று அதே இடத்தில் போடுங்கள். இந்த இரண்டாவது செய்திதான் உங்கள் அமைப்பின் மீது நம்பிக்கையை வளர்க்கும்.

என்ன போடுவது என்று கேட்கிறார்கள். பொன்னாடை போர்த்தும் படங்களும் தலைவரின் பிறந்தநாள் வாழ்த்தும் நிறைந்த பக்கத்தை ஊர் தன்னுடையதாக நினைக்காது. ஏரிக்குழு என்றால் மதகுக்கு அருகே ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதே இடத்திலிருந்து ஏரியைப் படமெடுத்துத் தேதியோடு போடுங்கள். ஓராண்டில் நீர்மட்டம், ஆகாயத்தாமரை, கரை உடைப்பு எல்லாம் கண்முன் வந்துவிடும். அதிகாரியிடம் மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம். மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-ல் அறிவிக்கப்பட்ட மாவட்டம் இது. மல்லசந்திரத்தில் கற்திட்டைகள், அதாவது பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய பழங்கால ஈமச் சின்னங்கள், நிற்கின்றன. தொன்மை ஆர்வலர்கள் ஒரு நடுகல்லைக் கண்டால், தொல்லியல் துறைக்குச் சொல்லும் முன் சரியான இடத்தை ஊடகத்தில் போட வேண்டாம். புதையல் தேடுபவர்களும் அதைப் படிக்கிறார்கள்.

அழைப்பிதழைப் படமாக மட்டும் போடாமல், அதே விவரத்தை எழுத்தாகவும் கீழே போடுங்கள். பார்வையற்றவரின் போன் எழுத்தைத்தான் நன்றாக வாசித்துக் காட்டும். தேடினாலும் எழுத்துதான் கிடைக்கும். எழுத்தறியாத உறுப்பினர்களுக்கு ஒரு நிமிடக் குரல் பதிவு போதும். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். அந்த மொழிகளிலும் ஒரு குரல் அனுப்பினால் உங்கள் கூட்டம் நிறையும்.

உதவி வாங்குபவரின் முகத்தைப் போடாதீர்கள். அரிசிப் பையைக் கையில் கொடுத்து அவரைக் கேமராவைப் பார்க்கச் சொல்வது பெரிய கொடுமை. அடுக்கிவைத்த பைகளைப் படம் எடுங்கள், எத்தனை வீட்டுக்குக் கொடுத்தோம் என்று எழுதுங்கள், செலவுக் கணக்கைப் போடுங்கள். நன்கொடையாளருக்கு அதுதான் வேண்டும். பிள்ளைகளின் படத்துக்குப் பெற்றோர் சம்மதம் கட்டாயம் கேளுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே சொல்கிறது.

பின்னூட்டங்களை யார் பார்ப்பது என்பதும் தீர்மானத்தில் இருக்க வேண்டும். 2012 நவம்பரில் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தின் நாயக்கன்கொட்டாய் பகுதியில் சாதி வன்முறையில் வீடுகள் எரிந்ததைப் பார்த்த மண் இது. சாதியை இழுத்து ஒரு வரி வந்தால் விவாதிக்காமல் உடனே நீக்குங்கள். 2018-ல் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைக் குழந்தை கடத்துபவர் என்று வாட்ஸ்அப் வதந்தியை நம்பி அடித்தே கொன்றார்கள். சங்கத்தின் பெயரில் வரும் செய்தியை ஊர் நம்பும். ஆகவே நேரில் விசாரித்து உறுதியாகாத எதையும் சங்கத்தின் எண்ணிலிருந்து முன்னனுப்பாதீர்கள், யார் அனுப்பியிருந்தாலும் சரி.

வாரம் ஒரு பதிவு போதும். கேள்வி வந்தால் ஒரு நாளுக்குள் பதில். அதற்குமேல் இப்போது திட்டம் வேண்டாம்.

தேநீருக்குப் பிறகு பக்கத்து அறையில் நம் தம்பி தங்கைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு அமைப்பிலிருந்தும் இரண்டு பேர் சேர்ந்து, தீர்மானப் புத்தகத்தோடு வாருங்கள். ஒருவர் மட்டும் வந்தால் கணக்கு தொடங்கித் தர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தமிழில் தட்டச்சு வராதவர்கள் தயங்க வேண்டாம். நீங்கள் பேசினால் போனே எழுதிக்கொள்ளும். அதையும் அங்கேயே காட்டித் தருவார்கள்.