ஃபேன் காற்று ஏன் சுகமாக இருக்கிறது, ஏன் குறைந்துபோகிறது?

[காட்சி: படுக்கையறை. கரண்ட் போகிறது, ஃபேன் மெல்ல நிற்கிறது.]

மே மாத ராத்திரி. ஃபேன் நின்ற கொஞ்ச நேரத்திலேயே கழுத்தில் வியர்வை வழிகிறது. அறையின் சூடு ஏறிவிடவில்லை. காற்றோட்டம்தான் நின்றுபோனது.

[காட்சி: தோலை ஒட்டிய ஈரப்படலம், வரைபடமாக.]

வியர்வை காயும்போது உடம்புச் சூட்டையும் கூடவே கொண்டுபோகும். ஒரு லிட்டர் முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி. காற்று அசையாவிட்டால் தோலை ஒட்டி ஈரம் தேங்கிவிடும், வியர்வை காயாது. புழுக்கம் என்பது அதுதான். அந்த ஈரத்தை ஃபேன் விலக்கிக்கொண்டே இருக்கிறது. ஆளில்லாத அறையில் அது ஓடினால் மோட்டார் சூடுதான் சேரும். அணைத்துவிடுங்கள். வெயில் 40 டிகிரியைத் தாண்டினால் வெறும் ஃபேன் காற்று உடம்பைச் சூடாக்கும். ஈரத்துணியால் கைகால்களைத் துடைத்துக்கொண்டு உட்காருங்கள்.

வெள்ளைக்காரர்கள் காலத்து பங்களாக்களில் கூரையில் துணிப் பங்கா தொங்கும். அவர்கள் தூங்க, கயிற்றை இழுத்தபடி ஓர் ஆள் விழித்திருப்பார். அவர் கை வலித்துச் செய்த வேலையை இன்று 75 வாட் மோட்டார் செய்கிறது. பிஎல்டிசி ஃபேனுக்கு, அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வைத்த ஃபேனுக்கு, 30 வாட் அளவே போதும்.

[காட்சி: கழற்றிய ஃபேன். உள்ளே செம்புக் காயில், மேல் கிண்ணத்துக்குள் கண்டன்சர்.]

சாதாரண ஃபேனில் நடுவில் இருக்கும் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், அசையாது. வெளிக்கூடுதான் றெக்கைகளோடு சுற்றும். காயிலில் ஸ்டார்ட்டிங், ரன்னிங் என்று இரண்டு வைண்டிங் (கம்பிச்சுற்று). ஸ்டார்ட்டிங் வைண்டிங்கோடு தொடராக ஒரு கண்டன்சர் (மின்தேக்கி), அதன் அளவு பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். இரண்டு வைண்டிங்கிலும் மின்னோட்டம் ஒரே நேரத்தில் வராமல், ஒன்றில் சற்று முந்தியும் மற்றதில் சற்று பிந்தியும் வரும்படி செய்வது இதுதான். அந்த வித்தியாசத்தால்தான் காந்தப்புலம் சுழல்கிறது.

வருடக்கணக்கில் சூடு பட்டுப்பட்டு கண்டன்சரின் அளவு இறங்கும். வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் யாரும் கவனிப்பதில்லை, 'இந்த வருஷம் வெயில் அதிகம்' என்று நினைத்துக்கொள்வார்கள். முழுதாகப் போய்விட்டால் சுவிட்ச் போட்டதும் முனகும், சுற்றாது. குச்சியால் லேசாகத் தள்ளினால் எந்தப் பக்கம் தள்ளினோமோ அந்தப் பக்கமே ஓடும். அப்படி ஓடினால் கோளாறு கண்டன்சரில்தான் என்று அனேகமாகச் சொல்லிவிடலாம்.

மாற்றும்போது மெயினை அணைத்துவிட்டு, பழையதில் அச்சிட்ட அதே அளவை வாங்குங்கள். காற்று கூடட்டும் என்று 4 மைக்ரோஃபாரட் போட்டால் வைண்டிங் சூடேறிக் கருகக்கூடும்.

கண்டன்சர் நன்றாக இருந்தும் காற்று போதவில்லையா? கூரைக்கும் றெக்கைக்கும் நடுவே 30 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். நெருங்கிவிட்டால் மேலிருந்து இழுக்கக் காற்று கிடைக்காது.

[காட்சி: பழைய தலையணை உறையை றெக்கையில் மாட்டி இழுக்கும் கை.]

அடுத்தது தூசி. றெக்கையின் முன்விளிம்பில்தான் அது அப்பும். உறையை மாட்டி மெதுவாக இழுத்தால் தூசி படுக்கையில் கொட்டாமல் உள்ளேயே விழும். இன்னொரு கையால் றெக்கையை அடியில் தாங்கிக்கொள்ளுங்கள். அழுத்தித் துடைத்து ஒரு றெக்கை துளி வளைந்தாலும், அன்றிரவே ஃபேன் ஆடத் தொடங்கும்.