பிட்ஸ்பர்க்கின் மூன்று ஆறுகள்: வாடகைப் படகிலிருந்து பார்க்கும்போது

[காட்சி: உயரத்திலிருந்து பிட்ஸ்பர்க் நகரம், இரண்டு ஆறுகள் ஒரு கூர்முனையில் கூடுகின்றன]

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வடக்கிலிருந்து வரும் அலெகெனி ஆறும் தெற்கிலிருந்து வரும் மோனோங்காஹீலா ஆறும் கூடுமிடத்தில் பிட்ஸ்பர்க் நகரம் அமைந்திருக்கிறது. கூடிய பிறகு அந்த ஆற்றின் பெயர் ஒஹையோ. அது அங்கிருந்து சுமார் 1,579 கிலோமீட்டர் ஓடி மிசிசிப்பியில் கலக்கிறது. இவ்வளவு பெரிய ஆறுகளில், துடுப்புப் பிடித்துப் பழகாத ஒருவர் கயாக் என்ற ஒடுக்கமான துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்து எப்படிப் போய் வர முடிகிறது என்ற கேள்வி இயல்பாகவே எழும்.

அதற்கான விடை தடுப்பணைகளில் இருக்கிறது. கூடுமுனையிலிருந்து ஒஹையோவில் 10 கிலோமீட்டர் கீழே எம்ஸ்வொர்த், அலெகெனியில் 11 கிலோமீட்டர் மேலே ஹைலண்ட் பார்க், மோனோங்காஹீலாவில் 18 கிலோமீட்டர் மேலே பிராடக் என மூன்று இடங்களில் அணைகள் நிற்கின்றன. நிலக்கரி ஏற்றிய பார்ஜ்கள் (தட்டையான பெரிய சரக்குப் படகுகள்) தரைதட்டாமல் செல்லக் குறைந்தது ஒன்பது அடி ஆழம் வேண்டும் என்பதற்காக, இவற்றுக்கு இடைப்பட்ட நீர் முழுவதும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 710 அடி உயரத்தில் ஒரே தேக்கமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. ஆகவே, மழையில்லாத கோடை நாளில் நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போடுவது பெரிய சிரமமாக இருக்காது.

[காட்சி: மஞ்சள் நிறப் பாலங்கள், நீர்மட்டத்திலிருந்து]

கயாக்குக்கு அலெகெனிதான் ஏற்றது என்பது என் கருத்து. வடகரையில், ராபர்ட்டோ கிளெமென்ட்டி பாலத்தின் அடியில் புறப்பட்டால், 1924 முதல் 1928 வரை ஒரே அச்சில் வார்த்ததுபோல் கட்டப்பட்ட மூன்று பாலங்களை அடுத்தடுத்துக் கடக்கலாம். ஒன்று பேஸ்பால் வீரர் கிளெமென்ட்டியின் பெயரையும், மற்றொன்று ஓவியர் ஆண்டி வார்ஹோலின் பெயரையும், மூன்றாவது இதே ஆற்றின் மேல்கரையில் உள்ள ஸ்பிரிங்டேல் என்ற ஊரில் பிறந்த எழுத்தாளர் ரேச்சல் கார்சனின் பெயரையும் தாங்கியுள்ளன. பாலத்தை ஒட்டிய பேஸ்பால் அரங்கில் பந்தடிப்பவர் நிற்கும் இடத்துக்கும் ஆற்றுக்கும் இடையே 443 அடிதான். ஆட்ட நாட்களில், பந்து தண்ணீரில் வந்து விழாதா என்று கயாக்குகளில் காத்திருப்பவர்களைப் பார்க்கலாம்.

இன்னும் மேலே சென்றால் 'வாஷிங்டன் லேண்டிங்' என்ற தீவு வரும். ஒரு காலத்தில் கால்நடைக் கொட்டில்களும் இறைச்சிக் கூடங்களும் நிறைந்திருந்த இந்தத் தீவில் இப்போது வீடுகளும் படகுத்துறையும் இருக்கின்றன. பெயருக்குக் காரணம் 1753 டிசம்பரில் நடந்த ஒரு படகு விபத்து. அப்போது 21 வயதேயான ஜார்ஜ் வாஷிங்டன், கிறிஸ்டோஃபர் கிஸ்ட் என்ற வழிகாட்டியுடன், ஒரேயொரு கோடரியால் மரம் வெட்டிக் கட்டிய தெப்பத்தில் அலெகெனியைக் கடக்க முயன்றார். ஊன்றிய கழியை மிதந்து வந்த பனிக்கட்டிகள் தள்ள, அவர் ஆற்றில் விழுந்தார். இருவரும் அருகிலிருந்த தீவு ஒன்றில் நடுங்கியபடி இரவைக் கழித்தார்கள். விடிந்தபோது ஆறு உறைந்து கிடந்ததால், எஞ்சிய தூரத்தை நடந்தே கடந்தார்கள். இன்றைய பென்சில்வேனியச் சட்டம் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கயாக்கில் செல்லும் அனைவரும் லைஃப் ஜாக்கெட் அணிந்தே தீர வேண்டும் என்பதற்குக் காரணமும் இதே குளிர்ந்த நீர்தான்.

[காட்சி: கூடுமுனையும் நீரூற்றும்]

திரும்பி வந்து கூடுமுனையை அடைந்தால், மழைக்குப் பிந்தைய நாட்களில் தெளிந்த அலெகெனியும் கலங்கிய மோனோங்காஹீலாவும் சிறிது தூரம் கலக்காமல் அருகருகே ஓடுவதைக் காணலாம். முனையில் 150 அடி உயரத்துக்கு எழும் நீரூற்று இந்த ஆறுகளின் நீரைப் பயன்படுத்துவதில்லை. பனியுகத்துச் சரளைப் படிவுக்குள் 50 அடிக்கும் கீழே ஓடும் நிலத்தடி நீரை எடுத்துக்கொள்கிறது. உள்ளூர் மக்கள் அதை நான்காவது ஆறு என்கிறார்கள். காவிரியும் பவானியும் கூடும் பவானிக் கூடுதுறையில் கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்வதாகக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. பென் ஹில்ஸ் குன்றில் 1970களில் எழுந்த வேங்கடேஸ்வரர் கோயிலைச் சேர்ந்தவர்களும் இந்தச் சங்கமத்தைப் பிரயாகையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்.

மழை பெய்த மறுநாள் மட்டும் கயாக்கைத் தவிர்த்துவிடுங்கள். பழைய நகரமாதலால் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் செல்கின்றன. அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு மழைக்கே அது நிரம்பி ஆற்றில் வழியக்கூடும். அத்தகைய நாட்களில் படகுத்துறைகளில் ஆரஞ்சு நிறக் கொடி ஏற்றப்படும்.

[காட்சி: பார்ஜ்களைத் தள்ளிச் செல்லும் இழுவைப்படகு]

குடும்பத்தோடு செல்பவர்களுக்கும், மோனோங்காஹீலாவில் தொலைவு போக விரும்புபவர்களுக்கும், உலோக மிதவைகளின் மேல் தட்டையான தளமும் இருக்கைகளும் அமைந்த பாண்டூன் படகு பொருந்தும். 1982 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர், 25 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சினை இயக்கப் படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்பதால், முன்பதிவு செய்யும்போதே எஞ்சினின் திறனைக் கேட்டுக்கொள்வது நல்லது. பார்ஜ் ஒன்று 195 அடி நீளமும் 35 அடி அகலமும் கொண்டது. பலவற்றைச் சேர்த்துக் கட்டித் தள்ளிவரும் படகோட்டிக்கு முன்னால் இருக்கும் சிறு படகு கண்ணில் படாது, பட்டாலும் அவரால் சட்டென்று நிறுத்த முடியாது. விலகிப் போக வேண்டியவர் நீங்கள்தான்.

கூடுமுனையிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தென்கிழக்கே, ஒரு கரையில் ஹோம்ஸ்டெட் எஃகாலையின் பழைய பம்ப் ஹவுஸும் (நீரிறைப்புக் கூடம்), எதிர்க்கரையில் இரும்பு உருக்கிய 92 அடி உயரமுள்ள கேரி உலைகளும் தெரியும். 1892 ஜூலை 6 அன்று அதிகாலையில், ஆலையிலிருந்து வெளியேற்றப்பட்ட தொழிலாளர்களுக்கு எதிராக நிர்வாகம் அமர்த்திய பிங்கர்ட்டன் என்ற தனியார் நிறுவனத்தின் 300 காவலர்கள் இரண்டு பார்ஜ்களில் வந்து இறங்க முயன்றது பம்ப் ஹவுஸ் நிற்கும் கரையில்தான். கரையில் திரண்டிருந்தவர்களோடு நாள் முழுவதும் நடந்த மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. சாலை வழியாக வந்தால், ஆலை இருந்த நிலத்தில் எழுந்துள்ள கடைத்தொகுதியைக் கடந்துதான் பம்ப் ஹவுஸை அடைய வேண்டும். ஆற்றிலிருந்து பார்க்கும்போதோ, அன்று பார்ஜில் இருந்தவர்களுக்கு அந்தக் கரை எவ்வளவு அருகில், எவ்வளவு திறந்தவெளியாகத் தெரிந்திருக்கும் என்பது புரியும். இன்னும் ஐந்து கிலோமீட்டர் சென்றால் பிராடக் அணை வந்துவிடும். அதன் எச்சரிக்கைப் பலகைகள் தென்படுவதற்கு முன்பே படகைத் திருப்பிவிடுங்கள்.