சோற்றுக்கே வழி தேடும் நாட்டில் ஓவியக் கல்லூரி எதற்கு?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வியாசர்பாடியிலிருந்து ஒரு தகப்பனார் கேட்கிறார்: "மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கவின் கலைக் கல்லூரியில்தான் சேருவேன் என்று அடம்பிடிக்கிறாள். ரோட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமே பணம் போதாத நாடு இது. அரசாங்கம் படம் வரையச் சொல்லிக்கொடுப்பதால் நாட்டுக்கு என்ன வரும்படி? இவளுக்குத்தான் என்ன வரும்படி?"

கேள்வியில் கோபம் இருக்கிறது. இருக்கட்டும் ஐயா, பெற்ற பயம் அது.

நீங்கள் சொல்லும் கல்லூரி பெரியமேட்டில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறது. 1850இல் அதைத் தொடங்கியவர் ஓவியர் அல்லர். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். பிறகு அரசு எடுத்து நடத்தியபோது தொழிற்கலைப் பள்ளி என்றே அதற்குப் பெயர். 1890களின் இறுதியில் அங்கே ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் ஒரு சோதனை செய்தார். பித்தளையும் செம்பும் தட்டிப் பழகிய கைகளில் அலுமினியத் தகட்டைக் கொடுத்தார். பாத்திரம் வந்தது, விற்றது, சில ஆண்டுகளில் ஒரு தனியார் கம்பெனி வாங்கிக்கொள்ளும் அளவுக்கு அது தொழிலாகவே வளர்ந்துவிட்டது. சோற்றுக்கு வழி கேட்கிறீர்கள்; கல்யாண வீட்டில் சோறு வடிக்கும் அலுமினிய அன்னக்கூடையின் முன்னோர்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில் தட்டப்பட்டவர்கள்தான்.

பழைய கதை வேண்டாம் என்றால் உங்கள் தெருவுக்கே வருவோம். ரவிக்கைத் துணியில் ஆரி என்ற பூத்தையல் வேலை செய்யும் பெண்கள் நம் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். டிரேசிங் தாளில் கழுத்து டிசைன் வரைந்திருக்கும். கோட்டின் மேலேயே ஊசியால் பொடிப்பொடியாகக் குத்தியிருப்பார்கள். அதைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பவுடரைத் துணியால் தொட்டுத் தேய்த்தால் புள்ளி புள்ளியாக டிசைன் இறங்கிவிடும். அப்புறம்தான் சட்டத்தில் துணியைக் கட்டி, குனிந்து, கழுத்து வலிக்க வலிக்கத் தையல்.

தைக்கிற பெண்ணுக்கு ஒரு ரவிக்கைக்கு ஒரு கூலி. அடுத்த ரவிக்கைக்கு மறுபடியும் முதலிலிருந்து உழைக்க வேண்டும். தாளோ ஒருமுறை வரைந்ததுதான். நூறு ரவிக்கைக்கு ஓடும். அந்தத் தாளை அங்கே யாரும் வரையவில்லை. கடையில் வாங்கிவந்தார்கள்.

வளரும் நாட்டின் சங்கடமே இதுதான் என்பது என் எண்ணம். கை நம்முடையது, தாள் வேறொருவனுடையது. கூலி கைக்குப் போகிறது, லாபம் தாளுக்குப் போகிறது. கலைக் கல்வி என்பது அந்தத் தாளை நம் வீட்டுப் பிள்ளைகள் வரையப் பழக்குவது. இது புரிந்துதான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனமே தொடங்கினார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார், திருப்பித் தரவே மாட்டார். நான் படித்த பள்ளியில் வருடம் முழுக்க அப்படித்தான்.

சரி, உங்கள் மகளின் வரும்படி. படம் விற்றே பிழைப்பேன் என்றால் கஷ்டம்தான், மறைக்கவில்லை. அதே கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத்தான் அடுப்பு எரித்தார்கள். அதை அவர்கள் இழிவாக நினைக்கவில்லை. அந்தக் கல்லூரியில் ஓவியம் மட்டும் இல்லை. சிற்பம், பீங்கான், துணி வடிவமைப்பு என்று பிரிவுகள் இருக்கின்றன. எதில் சேருவது என்பதை அங்கே போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கல்லூரி திறந்திருக்கும் ஒரு நாளில் லீவு போட்டு மகளோடு நீங்களும் போங்கள். அவள் வரைந்த நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்களே, அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லையே ஐயா.